10 அடிக்கு 7 அடி சமையலறை, அம்மாவுக்காக நானே கணினியில் வரைகிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்

பின்கட்டு எழுதியது:

வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்கள் பழைய வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்டப் போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, உயரம் 4 அடி 10 அங்குலம், இரண்டு முட்டியிலும் தேய்மானம். இப்போதுள்ள மேடை 34 அங்குலம். குழம்பு கொதிப்பதை எட்டிப் பார்க்க அம்மா ஒரு மணைப்பலகை மேல் ஏறி நின்றுதான் சமைக்கிறார். போன ஐப்பசியில் அந்தப் பலகை வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மாடுலர் கிச்சன் செய்யும் ஒரு கடையில் கேட்டேன். அளவெடுக்க வந்தவர் பத்து நிமிடத்தில் டேப்பை மடக்கிவிட்டார். அம்மாவைப் பார்த்து ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அவர் அனுப்பிய முப்பரிமாணப் படம் பளபளவென்று அழகாக இருந்தது. மேடை மறுபடியும் 34 அங்குலம்.

சரி, நானே வரைகிறேன் என்று மூன்று வாரமாக லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருளைக் கற்றுக்கொண்டு வருகிறேன். நான் கணக்கு வேலை பார்ப்பவன், வரைபடம் புதிது. அறையின் உள்ளளவு 3100க்கு 2200 மில்லிமீட்டர். நீளம் கிழக்கு மேற்காக. மேற்குச் சுவரில் கூடத்துக் கதவு, கிழக்குச் சுவரில் கொல்லைக் கதவு, இரண்டுமே வடக்கு ஓரமாக. தெற்குச் சுவரில் ஜன்னல். அதனால் தெற்குச் சுவர் முழுக்க மேடை, அப்படியே கிழக்கே திரும்பி ‘ட’ மாதிரி ஒரு கை. அந்தக் கையின் கடைசியில், கொல்லைக் கதவை ஒட்டி அடுப்பு. அம்மா கிழக்கு பார்த்துச் சமைக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. கோப்பை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

மூலைமட்டம் எழுதியது:

கோப்பைத் திறந்து பார்த்தேன் தம்பி. மூன்று வாரத்துக்கு இது நல்ல வேலை. சுவர், மேடை, கதவு எல்லாவற்றையும் தனித்தனி லேயரில், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரியான அடுக்குகளில், வைத்திருக்கிறீர்கள். பலர் வருடக்கணக்கில் வரைந்தும் இந்தப் பழக்கத்துக்கு வருவதில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். உங்கள் அளவுகள் எல்லாமே 25ஆல் மீதியில்லாமல் வகுபடுகின்றன. 3100, 2200, ஜன்னல் 1200, கதவு 750. பழைய வீட்டுச் சுவர் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. டேப்பில் அங்குலத்தில் எடுத்து 25ஆல் பெருக்கினீர்களா? ஓர் அங்குலம் 25.4 மி.மீ. சின்ன வித்தியாசம்தான், ஆனால் 10 அடி 4 அங்குலத்தில், அதாவது 124 அங்குலத்தில், அது கிட்டத்தட்ட 50 மி.மீ. ஆகிவிடும். உங்கள் படத்தில் இரண்டு அங்குல அறை காணாமல் போயிருக்கிறது.

மறுபடி அளந்துவிட்டு வாருங்கள். மில்லிமீட்டர் பக்கத்தைப் பார்த்தே எழுதுங்கள். ஒவ்வொரு சுவரையும் மூன்று உயரத்தில் அளக்க வேண்டும்: தரையோரம், மேடை உயரம், தலை உயரம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கும். அலமாரிக்கு அந்த மூன்றில் சிறியதுதான் கணக்கு. கடைசியாக இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அறை சதுர மூலை.

பின்கட்டு எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. 25ஆல்தான் பெருக்கினேன். சனிக்கிழமை ஊருக்குப் போய் மறுபடி அளந்தேன். நீளம் 3150, அகலம் 2235. மூலைவிட்டங்கள் 3845, 3880. அறை கோணலா?

மூலைமட்டம் எழுதியது:

கொஞ்சம் கோணல்தான். அந்த 35 மி.மீ. வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் 600 மி.மீ. ஆழமுள்ள மேடையில் ஏறக்குறைய 6 மி.மீ. இடைவெளி வரும். டைல், சிமென்ட் பூச்சிலேயே மறைந்துவிடும், கவலை வேண்டாம். ஆனால் சுவரைச் செங்கோணமாக வரையாதீர்கள். உள்ளது உள்ளபடி கோணலாகவே வரையுங்கள். படத்தில் நேராக்கிவிட்டால் கிரானைட் வெட்டுகிறவருக்கு அது தெரியாது. கல் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும்.

இன்னொன்று. வரையும்போது எப்போதும் உண்மை அளவிலேயே வரையுங்கள். சுருக்குவது அச்செடுக்கும்போதுதான். உங்கள் அறையை 1:20க்குச் சுருக்கினால் 157.5 மி.மீ., ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். 1:10 என்றால் 315 மி.மீ., ஏ4 போதாது, ஏ3 வேண்டும். படத்தின் ஓரத்தில் 1000 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். 1:20 அச்சில் அதை ஸ்கேலால் அளந்தால் சரியாக 50 மி.மீ. இருக்க வேண்டும். இல்லையென்றால் அச்சுப்பொறி ‘தாளுக்குள் அடக்கு’ என்று தானாகவே சுருக்கிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு கோட்டால் நான் தப்பித்த வேலைகள் ஏராளம்.

அடுக்களை எழுதியது:

தம்பி, நான் கணினிக்காரி இல்லை. நாற்பது வருடமாகச் சமைப்பவள். உங்கள் படத்தை மகளிடம் காட்டச் சொல்லிப் பார்த்தேன். அடுப்பைக் கொல்லைக் கதவை ஒட்டியா வைத்திருக்கிறீர்கள்? ஆடி மாதம் அந்தக் கதவைத் திறந்தால் தீ நிற்குமா? அப்புறம் வாணலியின் கைப்பிடி எந்தப் பக்கம் நீட்டும்? கொல்லையிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வருகிறவர் இடுப்பு அதில் இடிக்கும். கொதிக்கிற எண்ணெய் ஐயா அது. தயவுசெய்து மாற்றுங்கள்.

பின்கட்டு எழுதியது:

அக்கா, படித்ததும் உடனே வாணலியை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து அடுப்பில் வைத்துப் பார்த்தேன். கைப்பிடி கதவுவாசலுக்குள் 6 அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று வாரமாக அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. அடுப்பு என்று ஒரு நீள்சதுரத்தைத்தான் போட்டிருந்தேன், அதன் மேல் பாத்திரம் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

கிழக்குச் சுவரில் கதவு, நிலை எல்லாம் போக மேடைக்கு 1375 மி.மீ.தான் கிடைக்கிறது. அதில் தெற்கு மூலை 600 போய்விட்டால் மிச்சம் 775. எங்கே நகர்த்துவது? தெற்குச் சுவருக்குப் போனால் அம்மா தெற்கு பார்த்து நிற்க வேண்டும், சம்மதிக்க மாட்டார்.

மூலைமட்டம் எழுதியது:

மூலையை ஏன் முழுக்க ஒதுக்குகிறீர்கள்? அடுப்பை மூலைப்பக்கம் 200 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். தெற்குச் சுவரிலிருந்து 400இல் தொடங்கி, 640 அகல அடுப்பு, 1040இல் முடியும். கதவுப் பக்கம் 335 மி.மீ., ஓர் அடிக்கு மேல் மேடை மிஞ்சும். கைப்பிடி அதற்குள் அடங்கிவிடும், இறக்கிய பாத்திரம் வைக்கவும் இடம் ஆச்சு.

ஆனால் அம்மாவால் அந்த அடுப்பின் முன் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டுமே. அதற்கு ஒரு வழி: 600 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்து அதை ஒரு பிளாக் ஆக்குங்கள், அதாவது வேண்டிய இடத்திலெல்லாம் எடுத்து வைக்கக்கூடிய ஒரே உருவமாக. அதுதான் உங்கள் அம்மா. அடுப்பின் முன் ஒன்று, சிங்க் முன் ஒன்று, ஃப்ரிட்ஜ் முன் ஒன்று என்று வையுங்கள். வட்டம் எங்காவது மேடை மேல் ஏறினால் அங்கே அவர் நிற்க முடியாது. இப்போது நான் சொன்ன இடத்தில் வட்டத்தை அடுப்பின் நடுவிலிருந்து 180 மி.மீ. கதவுப் பக்கம் தள்ளி வைத்தால் தெற்கு மேடையைத் தொட்டுக்கொண்டு நிற்கும், ஏறாது. இதே மாதிரி ஒவ்வொரு கதவுக்கும் இழுப்பறைக்கும் திறந்த நிலையையும் வரையுங்கள், தனி லேயரில், புள்ளிக்கோடாக. சமையலறை மூடிய கதவுகளோடு இருக்கிற நேரம் இரவு மட்டும்தான்.

செங்கல்சூளை எழுதியது:

பின்கட்டு, முதலில் ஒரு நல்ல செய்தி. தேசியக் கட்டடக் கோவை தனி சாப்பாட்டு இடம் உள்ள வீட்டுச் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டரும் 1.8 மீட்டர் அகலமும் கேட்கிறது. உங்களுடையது 7 சதுர மீட்டர். 1926இல் மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை 1.9க்கு 3.4 மீட்டர்தான், ஆறரைக்கும் குறைவு. அந்த நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் அதைக் கட்டினார்கள். ரயில் உணவுப் பெட்டியின் சமையல் இடத்தைப் பார்த்து, எத்தனை அடி நடக்கிறோம், எவ்வளவு நேரமாகிறது என்று கணக்குப் பார்த்துச் செய்த வரைபடம் அது. அரிசி, மாவுக்கெல்லாம் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள் கூட உண்டு.

உங்கள் அம்மாவுக்காக அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழல் முக்காலி வைத்திருந்தார். நூறு வருடத்துக்கு முன்பே அந்த அம்மையார், உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை நின்று செய்ய வேண்டாம் என்று யோசித்திருக்கிறார்! முட்டி வலிக்கிற அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். தெற்கு மேடையில் மூலையை அடுத்த 600 மி.மீ.க்குக் கீழே அலமாரியே வேண்டாம், முழங்கால் நுழைய வெறுமையாக விடுங்கள்.

முக்கோணக் கணக்கும் பாருங்கள். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றின் நடுப்புள்ளிகளையும் கோட்டால் சேருங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1940களில் வகுத்த கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டர், மொத்தம் 4 முதல் 7.9 மீட்டருக்குள் இருந்தால் வசதி.

பின்கட்டு எழுதியது:

தெற்கு மேடையைக் கிழக்கிலிருந்து இப்படிப் பிரித்தேன்: மூலை 600, நறுக்குமிடம் 600, சிங்க் 600, மிக்ஸி கிரைண்டருக்கு 600, ஃப்ரிட்ஜுக்கு 750. மொத்தம் 3150. முக்கோணம் 1.27, 1.25, 2.48. கூட்டினால் சரியாக 5 மீட்டர் வருகிறது!

அம்மாவிடம் அந்த முக்காலியைப் பற்றிச் சொன்னேன். அரிவாள்மணை போட்டுத் தரையில் உட்கார்ந்து நறுக்குவதை விட்டு ஆறு வருடம் ஆச்சாம். ‘உட்கார்ந்து நறுக்கினால்தான் எனக்குக் காய் ஒரே அளவாக வரும்’ என்றார். இத்தனை வருடம் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

குசினிக்கதவு எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நாங்களும் இரண்டு வருடத்துக்கு முன் குசினியைத் திருத்திக் கட்டினோம். படம் நான்தான் கீறினேன். மேடை, அலுமாரி எல்லாம் அச்சொட்டாக வந்தது. ஆனால் பிளக் பொயின்ற்களைப் படத்தில் கீறவில்லை, வயரிங் செய்பவர் தன் வசதிக்கு வைத்துவிட்டார். மிக்ஸிக்கு நேர் பின்னால் ஒன்று, சிங்குக்கு மேலே ஒன்று. சிங்குக்கு மேலுள்ளதை என் மனைவி பயத்தில் தொடுவதே இல்லை. நீங்கள் மின்சாரத்துக்கு ஒரு லேயர், தண்ணீருக்கு ஒரு லேயர் என்று போட்டு, ஒவ்வொரு பொயின்ற்றுக்கும் தரையிலிருந்து உயரத்தையும் எழுதிக் கொடுங்கள். கிரைண்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தனித்தனியாக வையுங்கள்.

தேக்குமரம் எழுதியது:

நான் மரவேலைக்காரன், மூன்று தலைமுறை. ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வருகிற கணினிப் படங்களில் பாதி, பலகைக்குக் கனமே இல்லாத மாதிரி இருக்கிறது. 600 அலமாரி என்றால் அது வெளி அளவு. இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போனால் உள்ளே 564. இழுப்பறை ஓடுகிற தண்டவாளம், அதாவது சேனல், பக்கத்துக்கு 13 சாப்பிடும், ஆக இழுப்பறையின் வெளியளவு 538. படத்தில் 600 அகலத்துக்கு ஸ்பூன் தட்டு வாங்கி வைத்துவிட்டு, ஏன் நுழையவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள். ஆசாரியாக எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பலகை 8க்கு 4, அதாவது 2440க்கு 1220. வெட்டுக்கு 3 மி.மீ. போகும். 610 உயரத்தில் இரண்டு துண்டு கேட்காதீர்கள், 1220இல் இரண்டு 610 வராது. 605 என்று எழுதினால் ஒரு பலகை மிச்சம். சிங்க் பக்கம் மட்டுமாவது தண்ணீர் தாங்குகிற 710 மார்க் பிளைவுட் போடுங்கள்.

ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டாதீர்கள். கதவு 90 டிகிரிக்கு மேல் திறந்தால்தான் காய்த்தட்டு வெளியே வரும்.

பின்கட்டு எழுதியது:

ஃப்ரிட்ஜ் 600 அகலம். 750இல் சுவர்ப்பக்கம் 100, இந்தப் பக்கம் 50 விட்டிருக்கிறேன் அண்ணா. பலகைக் கனத்தோடு எல்லா அலமாரியையும் மறுபடி வரைகிறேன். உங்கள் 538ஐ எழுதி மேசை மேல் ஒட்டி வைத்துவிட்டேன்.

இனி உயரம். இதற்காகத்தான் இவ்வளவும். அம்மாவின் முழங்கை தரையிலிருந்து 36 அங்குலம். மேடை எவ்வளவு வைப்பது?

மூலைமட்டம் எழுதியது:

முழங்கைக்கு 4, 5 அங்குலம் கீழே. அப்படியானால் 31, 32. ஆனால் அடுப்பு வைக்கிற பகுதி வேறு. அடுப்பே 4 அங்குலம், அதற்கு மேல் குக்கர் ஏறினால் 34 அங்குல மேடைக் கதைதான் மறுபடி. எனவே கிழக்குக் கையை 28க்கு இறக்குங்கள், தெற்கு மேடை 32.

இதை மேலிருந்து பார்க்கிற படத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு சுவருக்கும் நேர்முகப் படம் ஒன்று வரையுங்கள். அதில் அம்மாவையும் 1475 மி.மீ. உயரத்துக்கு ஓர் உருவமாக நிறுத்துங்கள், முழங்கை எங்கே, கண் எங்கே என்று குறித்து. மேல் அலமாரியின் எந்தத் தட்டுக்குக் கை எட்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுக்களை எழுதியது:

மேடையில் படி வைத்தால் கனமான சட்டியை இழுத்து நகர்த்த முடியாதே. 4 அங்குலம் தூக்க வேண்டும். அரிசி வடிக்கிற வீடா, குக்கர் வீடா? வடிக்கிற வீடாக இருந்தால் கொதிக்கிற பானையை அடுப்பிலிருந்து சிங்க்குக்குக் கொண்டு போக வேண்டும்.

பின்கட்டு எழுதியது:

குக்கர்தான் அக்கா. பொங்கலுக்கு மட்டும் பானை, அதுவும் கொல்லையில் அடுப்பு மூட்டி. அடுப்புக்குக் கதவுப்பக்கம் மிஞ்சிய 335 மி.மீ.யும் 28 அங்குலத்திலேயே இருக்கிறது, பாத்திரத்தை அங்கே இறக்கிக்கொள்ளலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், படி இருந்தாலும் பரவாயில்லை, பலகை மேல் ஏற முடியாது என்கிறார்.

நேர்முகப் படம் வரைந்ததில் புதிதாக ஒரு பிரச்சினை. 28 அங்குலம் என்றால் 711 மி.மீ. கிரானைட்டும் அடியில் கடப்பைக்கல்லும் போக 650தான் மிஞ்சுகிறது. சிலிண்டரை அளந்தேன், 630. மேலே ரெகுலேட்டர். நுழையாது.

செங்கல்சூளை எழுதியது:

சிலிண்டரை வெளியே கொல்லைப் பக்கம் வையுங்கள். தரை மட்டத்தில், வெயில் மழை படாமல், காற்றோட்டமான கூண்டுக்குள். பள்ளத்தில் வேண்டாம். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். ரப்பர் குழாயைச் சுவருக்குள் நுழைக்கக் கூடாது. சுவரைத் தாண்ட உலோகக் குழாய்தான், அதுவும் கேஸ் ஏஜென்சி அனுப்புகிற ஆளே செய்யட்டும். மாற்ற வருகிற தம்பியும் வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. படத்தில் குழாய் போகிற பாதையைத் தனி நிறத்தில் காட்டுங்கள், பின்னால் யாராவது ஆணி அடிக்கும்போது உதவும்.

அடுக்களை எழுதியது:

கேட்க மறந்துவிட்டேன். இந்தப் படத்தை அம்மா பார்த்தாரா? கோடுகளைப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் ஒன்றும் விளங்காது தம்பி.

மூலைமட்டம் எழுதியது:

நல்ல கேள்வி. தம்பி, இதே அளவுகளை ஸ்வீட் ஹோம் 3டி என்ற முப்பரிமாண மென்பொருளில் போடுங்கள். இலவசம்தான். படத்தைப் பின்னணியாக ஏற்றி, தெரிந்த ஓர் அளவைச் சொல்லிவிட்டால் அதன் மேலேயே சுவர் எழுப்பலாம். அதில் உள்ளே நடக்கிற பார்வையாளரின் கண் உயரத்தை மாற்ற முடியும், அம்மாவின் கண் உயரம் கொடுங்கள். நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டினால் அவருக்குப் பயனில்லை.

தேக்குமரம் எழுதியது:

திரையில் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு கூடத்துத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் போட்டுக் காட்டுங்கள். எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார். வீட்டு அம்மாவை அதற்குள் நிற்க வைத்து ‘உப்பை எடுங்கள்’ என்பார். கை எங்கே போகிறதோ அங்கே உப்பு.

பின்கட்டு எழுதியது:

மன்னிக்கவும், இரண்டு வாரம் வர முடியவில்லை. தங்கை குழந்தைகளோடு வந்திருந்தாள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கூடத்தில் சாக்பீஸால் போட்டோம். ஏ4 அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த 50 மி.மீ. கோட்டையும் சரிபார்த்துவிட்டுத்தான். மேடைக்குப் பழைய பெஞ்சுகளை அடியில் செங்கல் கொடுத்து 32க்கும் 28க்கும் உயர்த்தினோம்.

அம்மா அதற்குள் முக்கால் மணி நேரம் சமைத்தார். பாத்திரம் மட்டும், தீ இல்லாமல். சாம்பார், ரசம், ஒரு பொரியல். நான் அவர் கை போகிற இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டேன். நான் சிங்க்குக்கு மேலே போட்டிருந்த அஞ்சறைப்பெட்டியை அவர் நறுக்குமிடத்தின் வலப்பக்கம் தேடினார். கிரைண்டர் 32 அங்குலத்தில் இருந்தால் குழவிக்கல்லைத் தூக்க முடியாது என்றார். அந்த 600 அகலத்தை மட்டும் 24க்கு இறக்கச் சொன்னார். மிக்ஸிக்கு மட்டும் சிங்கை ஒட்டி ஓர் அடி அகலத்தில் சுவரிலிருந்து ஒரு தட்டு. கடைசியில் முக்காலியில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, ‘இங்கேயிருந்து துளசி மாடம் தெரியுதுடா’ என்றார்.

எல்லாவற்றையும் படத்தில் மாற்றிவிட்டேன். புதிய கோப்பு இணைப்பில் இருக்கிறது. அடுத்த வாரம் ஆசாரியிடம் கொடுக்கிறேன். தேக்குமரம் அண்ணா, கிரைண்டர் மேடைக்குக் கீழே மிஞ்சுகிற இடத்தில் அரிசி டப்பா வைக்க ஓர் இழுப்பறை போட்டிருக்கிறேன். 25 கிலோ தாங்குமா?

தேக்குமரம் எழுதியது:

புதுப் படத்தைப் பார்த்தேன். பலகைக் கனம் எல்லா இடத்திலும் வந்திருக்கிறது, சந்தோஷம். இழுப்பறை 25 கிலோ அரிசியைத் தாங்கும், ஆனால் சாதாரணச் சேனல் வேண்டாம். கடையில் 45 கிலோ தாங்குகிறது என்று கேட்டு வாங்குங்கள், 500 மி.மீ. நீளம். அடிப்பலகையை 6 மி.மீ.யில் போடாமல் 12இல் போடச் சொல்லுங்கள். முழுக்க இழுத்தால் ஃப்ரிட்ஜ் கதவு அதில் முட்டுகிறதா என்று திறந்த நிலை லேயரைப் போட்டு ஒரு தடவை பாருங்கள். உங்கள் படத்தில் ஃப்ரிட்ஜின் கீல் எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லை.

பின்கட்டு எழுதியது:

கீல் சுவர்ப்பக்கம், அண்ணா. லேயரைப் போட்டுப் பார்த்தேன், முட்டவில்லை. குறித்துவிட்டேன்.